சலுகையும் தீர்ப்பும்: கிளாரா வீக்கின் பியானோ கொன்சேட்டோ

மறக்கப்பட்ட கலைப்படைப்பொன்றை மீண்டும் எடுத்து ஆராய முற்படும் விமரிசகனின் முன்னே இரண்டு குழிகள் உள்ளன. காலம் என்னும் நீதிபதி ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டான், நல்லன நின்றன, அல்லன அழிந்தன, இனிப் பேசுவதற்கு யாதுமில்லை என்று வாளாவிருப்பது முதலாவது குழி. மறக்கப்பட்டமையையே ஒரு தகுதியாகக் கொண்டு, கிடைத்ததையெல்லாம் மேதையின் ஆக்கம் என்று கொண்டாடுவது இரண்டாவது குழி. முன்னது சோம்பலின் விளைவு. பின்னது இரக்கத்தின் விளைவு. சோம்பலும் இரக்கமும் மனித சுபாவங்களாக இருக்கலாம். அவை விமரிசன முறைகளாகமாட்டா.

இவ்விரு குழிகளிலும் மாறிமாறி வீழ்ந்த படைப்பொன்றைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றேன். அது கிளாரா வீக் இயற்றிய, ஏ மைனர் சுருதியில் அமைந்த பியானோ கொன்சேட்டோ. அவரது ஆக்கங்களின் வரிசையில் 7ஆம் இலக்கம் பெற்றது. பிற்காலத்தில் கிளாரா ஷூமன் என்று உலகம் அறிந்த இப்பெண்மணி, 1819 செப்டெம்பர் 13இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பிறந்தவர். இந்தக் கொன்சேட்டோவை 1833 ஜனவரியில், தமது பதின்மூன்றாவது வயதில் தொடங்கி, பதினாறு வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில் முடித்தார். 1835 நவம்பர் 9ஆந் திகதி, லைப்சிக் கெவான்ட்ஹவுஸ் மண்டபத்திலே மென்டெல்சன் வாத்தியக் குழுவை நெறிப்படுத்த, தாமே பியானோ முன் அமர்ந்து அதனை அரங்கேற்றினார். கேட்டு முடிக்க இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகச் செல்லும். ஆனால், கேட்டு முடித்த பின் மனத்தில் எழும் வினாக்கள் இருபது நிமிடங்களில் அடங்குவன அல்ல.

கொன்சேட்டோ என்பது தனி வாத்தியக்காரர் ஒருவரும் பெரிய வாத்தியக் குழுவொன்றும் உரையாடியும் எதிர்நின்றும் இணைந்தும் நிகழ்த்தும் ஐரோப்பிய இசை வடிவமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வடிவம் அடைந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அது ஒலித்த மண்டபங்களை நோக்குதல் வேண்டும். கெவான்ட்ஹவுஸ் என்ற பெயரின் பொருளே துணி மாளிகை என்பதாகும். துணி வணிகருக்குரிய கட்டடத்தினுள்ளே 1781இல் இசை மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அந்நகரின் வாத்தியக் குழுவோ, அதற்கும் முன்னர் 1743இல் நகரமாந்தரின் ஆதரவில் உருவானது. மன்னனின் அவையிலே, மன்னனின் சம்பளத்தில், மன்னனின் விருந்தினருக்காக ஒலித்த இசை, அனுமதிச் சீட்டு வாங்கியோர் யாவருக்கும் உரியதாயிற்று. வரலாற்று நோக்கில் இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கலைஞன் பிரபுவின் பிடியினின்றும் விடுபட்ட அதே வேளையிற் சந்தையின் பிடிக்குள் வந்தான் என்பதும் மனங்கொள்ளத் தக்கது.

அந்தச் சந்தை வேண்டிநின்றது வியப்பை. பியானோவின் பொறியமைப்பிலும் அக்காலத்திற் பெருமாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1821இல் எராட் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற பொறிமுறையொன்று, அழுத்திய கட்டை முற்றாக மேலெழ முன்னரே அதனை மீண்டும் மீண்டும் அடித்தொலிக்க இடந்தந்தது. விரல்களின் வேகம் விற்பனைப் பொருளாயிற்று. கால்க்பிரென்னர், ஹேர்ஸ் முதலானோர் எழுதிய கொன்சேட்டோக்களிலே வாத்தியக் குழு வாயில்காப்போன் போல முன்னே வந்து கட்டியங் கூறி ஒதுங்கிவிட, பியானோக்காரர் வித்தை காட்டுவதே பெருவழக்காக இருந்தது. கிளாரா வளர்ந்தது இந்தச் சூழலில் என்பதை மறந்துவிட்டு அவரது ஆக்கத்தை மதிப்பிட முயல்வது, நிலத்தைப் பாராது பயிரைப் பற்றிப் பேசுவதாகும்.

அவரது தந்தை பிறீட்றிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வணிகரும் கூட. தாய் மரியான் பாடகி. கிளாரா சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோரின் மணவாழ்வு முறிந்தது. அன்றைய சக்சனிச் சட்டப்படி குழந்தை தந்தைக்கே உரியதாதலால், ஐந்து வயதில் அவர் தாயைப் பிரிந்து தந்தையிடம் வந்து சேர்ந்தார். தந்தை கற்பித்தார், திட்டமிட்டார், ஊரூராக அழைத்துச் சென்றார். 1828இல், ஒன்பது வயதில், கெவான்ட்ஹவுஸ் மேடையிலே முதன்முறையாகத் தோன்றிய சிறுமியை, 1831இல் வைமாரிலே முதியவர் கெதே கேட்டார். 1832இல் பாரிஸ் கேட்டது. மகளின் பெயரில் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கிய தந்தை, அதிற் பல பக்கங்களை ‘நான்’ என்று தாமே எழுதினார். மகளின் விரல்களை மட்டுமன்றி, மகளின் ‘நான்’ என்ற சொல்லையும் அவர் தம் வசப்படுத்தியிருந்தார் எனின் அது மிகையாகாது. ஆனால், அவரைக் கொடியவர் என்று மாத்திரம் கூறி அமைவது எளிது. மற்றெத்தனையோ தந்தையர் தம் புதல்வியருக்கு மறுத்த முறையான இசைக்கல்வியை அவர் கொடுத்தார்; இசையாக்கமும் பயிலச் செய்தார். கருவியாக்குவதற்காகக் கொடுத்த கல்வியே அக்கருவிக்குக் குரலையும் தந்துவிட்டது. முரண்பாடுகளின் வழியாகவே வரலாறு இயங்குகிறது என்பதற்கு இது ஒரு குடும்பச் சான்று.

இனிக் கொன்சேட்டோவைக் கேட்போம். வாத்தியக் குழு அணிவகுப்பு நடையிலே சுருக்கமாகத் தொடங்குகிறது. ஏ மைனருக்குரிய இறுக்கமும் கம்பீரமும் அதில் உள்ளன. பியானோ நுழையும்போது, இரு கைகளும் ஸ்தாயி இணைப்பிலே மேல்நோக்கிப் பாய்ந்தேறுகின்றன. இது சந்தை கேட்ட வித்தையே. மண்டபம் நிமிர்ந்து உட்காருவதற்காக எழுதப்பட்டது. இவ்வளவில் நின்றிருந்தால் இதனை அக்காலத்து நூறு கொன்சேட்டோக்களில் ஒன்றென ஒதுக்கிவிடலாம். ஆனால் சற்றுப் பொறுத்துக் கேட்போமாயின், தொடக்கத்தில் மேலேறிய அச்சிறு சுரத்தொடர் இசைநூலின் இழைபோல நெடுகிலும் ஓடுவதை உணர்கிறோம். அது மென்மையடைகிறது, தயங்குகிறது, வேறொரு நிறம் பெறுகிறது. விரல் வித்தைக்கு அடியிலே ஒரு சிந்தனை இயங்குகிறது.

முதற்பகுதியின் அமைப்பே இந்த ஆக்கத்தின் துணிவு. மரபுப்படி, முற்பாதியில் அறிமுகப்படுத்திய கருப்பொருள்கள் இறுதியில் முழுமையாகத் திரும்பி வருதல் வேண்டும். கேட்போன் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். கிளாராவோ அவ்விடத்திற் கதவைத் திறக்காது, பக்கத்து அறைக்கு நம்மை இட்டுச் சென்றுவிடுகிறார். இடைவெளியின்றி இரண்டாம் பகுதி தொடங்குகிறது. சுருதியும் ஏ மைனரிலிருந்து அரைச் சுர தூரத்திலுள்ள ஏ பிளாட் மேஜருக்கு நழுவுகிறது. எண்ணிக்கையில் மிக அண்மையிலும், உணர்வில் மிகத் தொலைவிலும் உள்ள சுருதி அது. பகுதிகளை இடையறாது இணைக்கும் முறையை அவரே கண்டுபிடித்தார் என்று கூறுவது தவறாகும். 1831இல் மென்டெல்சன் தமது ஜி மைனர் கொன்சேட்டோவில் அதைச் செய்துவிட்டார். ஆனால் முதற்பகுதியை முடிக்காமலே விட்டு, அந்த நிறைவேறாமையின் மேல் அடுத்த பகுதியைக் கட்டியெழுப்பியது கிளாராவின் சொந்த எண்ணம். கிளர்ச்சியின் இறுதியிலே தீர்வை அளியாது தனிமையை அளிப்பது மனோரதிய இயக்கத்தின் ஆழமான உணர்வுகளுள் ஒன்று. அதை ஏடுகளிற் கற்றுக்கொண்டு எழுதினார் என்று சொல்லமுடியாது.

இரண்டாம் பகுதிக்கு ‘றொமான்ஸ்’ என்று பெயர். இங்கே வாத்தியக் குழு மௌனமாகிவிடுகிறது. பியானோ தனித்துப் பாடுகிறது. பின்னர் குழுவின் நடுவிலிருந்து ஒரேயொரு செலோ எழுந்து அந்தப் பாடலை ஏற்றுக்கொள்கிறது. பியானோ அதற்குத் துணைநிற்கிறது. பெருங்கூட்டத்தின் முன்னிலையில் இருவர் தனித்துப் பேசும் பேச்சு இது. மண்டபம் முழுவதும் வியப்பை எதிர்பார்த்துக் காசு கொடுத்துக் காத்திருக்கையில், அந்த மண்டபத்தின் நடுவிலே வித்தையனைத்தையும் கீழே வைத்துவிட்டு மெல்லிய குரலிற் பேசத் துணிதல் சிறிய செயலன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1881இல் பிராம்ஸ் தமது இரண்டாவது பியானோ கொன்சேட்டோவின் மெதுவான பகுதியைத் தனிச் செலோவின் பாடலுடன் தொடங்கியபோது, அதன் அழகை உலகம் போற்றியது. அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிக்கவில்லை. ஒரே எண்ணம் ஒருவரிடம் இருந்தபோது மேதைமையென்றும், மற்றொருவரிடம் இருந்தபோது சிறுமியின் கற்பனையென்றும் எடைபோடப்பட்ட தராசையே சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

றொமான்ஸின் முடிவிலே முரசின் அதிர்வொன்று தாழ்ந்த ஒலியில் எழுகிறது. எக்காளம் அழைக்கிறது. இறுதிப்பகுதி பிறக்கிறது. போலந்து நாட்டுப் பொலனேஸ் நடனத்தின் மூன்றடித் தாளம் இதன் உயிர்நாடி. ஷோப்பானின் இசை அக்காலத்து இளைஞரை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். பியானோ இங்கே தன் முழு வலிமையையும் காட்டுகிறது. ஆனால் குழுவின் வாத்தியங்களுடன் உரையாடவும் அதற்கு இப்பொழுது பொறுமை உண்டு. முதற்பகுதியின் இழை மீண்டும் இங்கே தென்படும்போது, முன்னர் முடிக்காது விட்ட வாக்கியம் இப்பொழுது முடிக்கப்படுவதாகவே தோன்றுகிறது.

குறைகளைக் கூறாது விடுவது இரக்கமென்ற இரண்டாவது குழியில் வீழ்வதாகும். அளவுப் பொருத்தம் குறைவு என்பது முதலாவது. இறுதிப்பகுதியே முதலில், தனி ஆக்கமாக எழுதப்பட்டது. முதலிரு பகுதிகளும் பின்னர் அதன் முன்னே சேர்க்கப்பட்டன. ஆகவே வாயிலும் முற்றமும் சிறுத்து, உள்வீடு பெருத்துப்போன ஒரு மனையைப் போல இது காணப்படுகிறது. முதற்பகுதியின் வாத்தியக் குழுவுக்குப் பல இடங்களிற் செய்வதற்கு அதிகமில்லை. சுரக்கூட்டுகளைத் தாங்கிப் பிடித்து நிற்பதுடன் அதன் பணி ஓய்ந்துவிடுகிறது. இறுதிப்பகுதியிற் சில ஓட்டங்கள் கேட்போனுக்காக அல்ல, பார்ப்போனுக்காக எழுதப்பட்டவை. பேத்தோவனின் கொன்சேட்டோக்களிற் காணும் கருத்துப் போராட்டம் இங்கே இல்லை. இவை உண்மையான குறைகள். இவற்றுட் பல அந்தக் காலத்தின், அந்தச் சந்தையின் குறைகள். சில இளம்வயதின் குறைகள். பெண்மையின் குறை என்று கூறத்தக்கது எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இங்கே ஒரு செய்தியை எடுத்துரைத்தல் வேண்டும். அப்பொழுது வீக்கிடம் பயின்ற மாணவராக வந்து குடும்ப நண்பராகவும் ஆகியிருந்த றொபேட் ஷூமன், 1834இல் இறுதிப்பகுதியின் வாத்தியக் குழு அமைப்பை எழுதி உதவினார். ஏனைய இரு பகுதிகளையும் கிளாராவே அமைத்தார். இந்த ஒரு செய்தியைக் கொண்டு, இதில் நல்லனவாக உள்ளவை யாவும் ஷூமனுடையவையாக இருக்கலாமே என்று ஐயுறுவோர் உண்டு. ஆண் கலைஞன் ஒருவன் நண்பனின் உதவியைப் பெற்றால் அது நட்பு. பெண் பெற்றால் அது ஐயத்துக்குரிய சான்று. மெய்யாகவே இந்த ஆக்கத்தின் உச்சியாகிய றொமான்ஸ், ஷூமனின் கை படாத பகுதி என்பதை ஐயுறுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொன்சேட்டோ லைப்சிக்கில் ஹொப்மைஸ்டர் பதிப்பகத்தால், இசையாசிரியர் ஷ்போருக்குச் சமர்ப்பணமாக அச்சிடப்பட்டது. 1837இல், ஷூமனே ஆசிரியராக இருந்து நடத்திய இசை ஏட்டிலே இதற்கு ஒரு மதிப்புரை வெளிவந்தது. அவர் அதைத் தாம் எழுதவில்லை. பெக்கர் என்பாரிடம் விட்டார். ஒரு சீமாட்டியின் ஆக்கமாதலால் இங்கே முறையான விமரிசனத்துக்கு இடமில்லை என்ற கருத்துப்பட அம்மதிப்புரை அமைந்தது. இதை எழுதியவர் வன்மத்துடன் எழுதினார் என்று கருத வேண்டியதில்லை. மரியாதை செய்வதாகவே அவர் நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு கலைஞருக்குச் செய்யக்கூடிய அவமதிப்புகளுள் இதனிலும் பெரியது யாது? கண்டிக்கப்பட்ட ஆக்கம் போராடலாம், திருந்தலாம், மறுத்துரைக்கலாம். விமரிசனத்துக்கே அப்பாற்பட்டதென விலக்கி வைக்கப்பட்ட ஆக்கம் என்ன செய்யும்? சலுகை என்பது கதவை மூடுவதற்கு நாகரிகமானவர்கள் கண்டுபிடித்த வழி.

அந்தச் சலுகை எத்தகைய விளைவைத் தந்தது என்பதை 1839ஆம் ஆண்டின் நாட்குறிப்பு காட்டுகிறது. இப்பொழுது ‘நான்’ என்று எழுதுவது கிளாராவின் சொந்தக் கை. தமக்கு ஆக்கத்திறன் உண்டென்று முன்னர் நம்பியதாகவும், அந்நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டதாகவும், பெண்கள் எவரும் செய்யாத ஒன்றைத் தாம் செய்ய நினைப்பது எங்ஙனம் என்றும் அவர் எழுதினார். அவருக்கு அப்பொழுது இருபது வயது. கொன்சேட்டோவை அரங்கேற்றி நான்கு ஆண்டுகள். ஒரு சமுதாயத்தின் கருத்தியல் மிகக் கூர்மையாகச் செயற்படுவது சட்டத்தின் மூலமோ தடியின் மூலமோ அன்று. ஒடுக்கப்படுபவரின் சொந்த நாவிலே, அவரது சொந்த எண்ணம் போல அது ஒலிக்கும்போதுதான்.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. தந்தை மறுக்க, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, இருபத்தொரு வயது நிரம்புவதற்கு முதல்நாளாகிய 1840 செப்டெம்பர் 12இல் கிளாரா ஷூமனை மணந்தார். எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். கணவர் இசை இயற்றும் வேளைகளிற் பியானோவின் ஒலி அவருக்கு இடையூறாகும் என்பதால், மனைவியின் பயிற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. ஷூமனின் புகழ்பெற்ற பியானோ கொன்சேட்டோவை 1845 டிசெம்பரில் டிரெஸ்டனில் அரங்கேற்றியவர் கிளாராவே. அதுவும் ஏ மைனர். அது வாழ்ந்தது, அதே சுருதியில் அவர் எழுதியது மறைந்தது. 1847இல் கணவரின் பிறந்தநாட் பரிசாக எப் மைனரிலே மற்றுமொரு கொன்சேட்டோவைத் தொடங்கினார். அதன் முதற்பகுதியும் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. 1854இல் ஷூமன் மனநோய் விடுதிக்குச் சென்றார். 1856இல் அங்கேயே மறைந்தார். அதன் பின்னர் கிளாரா வாழ்ந்த நாற்பது ஆண்டுகளில், மேடையிலே பிறரது ஆக்கங்களை வாசித்தார், 1878 முதல் பிராங்போட் நகரிற் பலரைப் பயிற்றினார், கணவரின் ஆக்கங்களைப் பதிப்பித்தார், குடும்பத்தைத் தாங்கினார். சொந்தமாக இயற்றியது மிகச் சொற்பம். 1896 மே 20இல் காலமானார்.

பியானோக்காரராக அவரை ஐரோப்பா அரசியெனக் கொண்டாடியது. 1990இல் மேற்கு ஜேர்மன் மத்திய வங்கி வெளியிட்ட 100 மார்க் நாணயத்தாளில் அவரது முகம் இடம்பெற்றது. மார்க் வழக்கொழிந்த 2002 வரை அது கைக்குக் கை மாறியது. முகத்தைத் தெரிந்தோர் கோடிக்கணக்கினர். கொன்சேட்டோவைக் கேட்டோர் சிலர். தனது மேதைகளைப் பணத்தாளில் அச்சிட்டு மதிக்கும் உலகத்துக்கு, அவர்களைக் கேட்பது கட்டாயமில்லை போலும்!

அண்மைக் காலத்தில் நிலைமை மாறி வருகிறது. மறக்கப்பட்ட மனோரதியக் கொன்சேட்டோக்களைத் தேடிப் பதிவு செய்யும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றன. கிளாராவின் இருநூறாவது பிறந்த ஆண்டாகிய 2019இல் ஆங்கிலக் கலைஞர் ஐசாட்டா கனே மேசன் இதனைப் பதிவு செய்தார். 2023இல் இத்தாலியக் கலைஞர் பேற்றிஸ் ரானா, கணவன் மனைவி இருவரது ஏ மைனர் கொன்சேட்டோக்களையும் ஒரே இசைத்தட்டில் அடுத்தடுத்து வெளியிட்டார். இது நல்ல வாய்ப்பு. கேட்டுப் பார்ப்போருக்கு ஷூமனின் ஆக்கமே முதிர்ந்ததெனத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் இந்த ஒப்பீட்டில் நாம் நிறுத்துப் பார்ப்பவை யாவை? முப்பத்தைந்து வயது ஆணின் ஆக்கத்தை ஒரு தட்டிலும், பதினாறு வயதுப் பெண்ணின் ஆக்கத்தை மறுதட்டிலும் வைக்கிறோம். முப்பத்தைந்து வயதுக் கிளாராவின் கொன்சேட்டோ எங்கே? அது எழுதப்படவே இல்லை. தராசின் அந்தத் தட்டு வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமைதான் வரலாறு.

ஆதலால் இந்தக் கொன்சேட்டோ தலைசிறந்த படைப்பா என்று வினவுவோருக்கு, அன்று என்றே விடையளிப்பேன். ஆனால் அது ஒரு மெய்யான தொடக்கம். எவற்றைச் சந்தையிடமிருந்து ஏற்பது, எவற்றை மறுப்பது என்பதை ஓர் இளங்கலைஞர் தம் விரல்களாலேயே சிந்தித்துப் பார்த்த ஆவணம். தொடர்ச்சி மறுக்கப்பட்ட தொடக்கங்களைக் காலத்தின் தீர்ப்பு என்று கூறி மூடிவிடுபவன், ஒரு சமுதாயம் செய்த குற்றத்தைக் காலத்தின் தலையிற் சுமத்துகிறான். அவற்றைப் புகழுரையால் மூடிவிடுபவனோ, அக்குற்றத்துக்கு மலர்மாலை சூட்டுகிறான்.

வாய்ப்பு மறுக்கப்பட்டோரின் படைப்புகளுக்கு விமரிசனம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றே. அவற்றைச் சமநிலையில் வைத்து, முழுக் கவனத்துடன் கேட்டு, நிறையையும் குறையையும் ஒளிக்காமற் கூறுவதே அது. 1837இல் அந்த ஏட்டின் பக்கங்களில் மறுக்கப்பட்டது அதுவே. றொமான்ஸின் நடுவிலே பியானோவின் பாடலைச் செலோ ஏற்றுக்கொள்ளும் அந்தக் கணத்தைக் கேளுங்கள். செலோ பியானோவைப் புகழ்வதுமில்லை, அதற்கு இரங்குவதுமில்லை. அது சொன்னதைக் கவனமாகக் கேட்டுவிட்டுத் தன் குரலில் மறுமொழி கூறுகிறது. விமரிசகனும் அவ்வளவு செய்தாற் போதும்.